ரத்தத்தில் தெரியும் மறதி

என் அத்தை நாற்பது வருஷங்களுக்கு மேலாக நாள் தவறாமல் ரசம் வைத்தவள். புளியைக் கரைப்பதும், தக்காளியைப் பிசைந்து விடுவதும், நுரை கட்டி எழும் தருணத்தில் இறக்கித் தாளித்துக் கொட்டுவதும் அவளுடைய கைகள் தாமாகவே அறிந்து வைத்திருந்த காரியங்களேயன்றி, அவள் யோசித்துச் செய்தவை என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில், ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும், பெருங்காய டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்று, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பேரனைப் பார்த்து, "இதுக்கப்புறம் என்னடா செய்யணும்?" என்று கேட்டாள். பேரன் சிரித்தான். "அவளுக்கு வயசாயிடுச்சு, வேற என்ன" என்றார் மாமா. அந்த வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஆறு வருஷங்கள் அவள் உயிரோடிருந்தாள். அந்த ஆறு வருஷங்களில் வீட்டின் வழியையும், பிள்ளைகளின் பெயர்களையும், கடைசியில் மாமாவின் முகத்தையுமே மறந்தாள். அவளுக்கு வந்தது இன்ன வியாதி என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் நிச்சயமான பதில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. ஏனெனில், அல்ஸைமர் என்று இன்று உலகமெங்கும் பெயர் பெற்றிருக்கும் அந்த நோய், கண்டறியப்பட்ட நாள் தொட்டு ஏறக்குறைய நூறு வருஷ காலம், நோயாளி இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தாலன்றி ஐயந்திரிபற நிர்ணயிக்க முடியாத ஒன்றாகவே இருந்து வந்தது. உயிரோடிருப்பவரிடம் வைத்தியர் செய்யக்கூடியதெல்லாம் விசாரிப்பதும், ஊகிப்பதும், மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குவதுமே. அந்த நிலைமை நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. முழங்கையின் மடிப்பில் ஊசி குத்தி எடுக்கும் சிறிதளவு ரத்தத்தைக் கொண்டே, மூளைக்குள் நடப்பதைப் பெருமளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்ற இடத்துக்கு வைத்திய சாஸ்திரம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது, யாருக்குப் பிரயோஜனப்படும் என்பவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

விஷயம் ஜெர்மனியில் தொடங்குகிறது. 1901-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனைக்கு ஆகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியை அழைத்து வந்தார்கள். அலோயிஸ் அல்ஸைமர் என்ற வைத்தியர் அவள் அருகில் உட்கார்ந்து, உன் பெயர் என்ன என்று கேட்டார். ஆகுஸ்டே என்றாள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அதற்கும் ஆகுஸ்டே என்றாள். கணவரின் பெயரைக் கேட்டபோது சற்றுத் தயங்கி, அதுவும் ஆகுஸ்டே என்றே நினைப்பதாகச் சொன்னாள். மத்தியான உணவில் காலிபிளவரும் பன்றியிறைச்சியும் தின்றுகொண்டிருந்தவள், என்ன சாப்பிடுகிறாய் என்ற கேள்விக்குக் கீரை என்று பதில் கூறினாள். கேள்வியையும் பதிலையும் அல்ஸைமர் அப்படியே எழுதி வைத்தார். எழுபதைக் கடந்தவர்களிடம் கண்டிருந்தால் முதுமையின் லட்சணம் என்று தள்ளிவிடப்பட்டிருக்கக்கூடிய இந்தத் தடுமாற்றம், ஐம்பது வயதுக்காரியிடம் தோன்றியதனாலேயே அவருடைய கவனத்தை ஈர்த்தது.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவள் இறந்தாள். அப்போது மியூனிக் நகரத்துக்கு மாறிப் போயிருந்த அல்ஸைமர், அவளுடைய மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, வெள்ளி உப்பினால் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே கசடு போன்ற திட்டுகள் படிந்திருப்பதையும், செல்களுக்கு உள்ளே நூல்கண்டு கலைந்து முறுக்கிக்கொண்டதைப் போன்ற சிக்கல்கள் நிறைந்திருப்பதையும் கண்டார். அதே வருஷம் நவம்பரில் ட்யூபிங்கன் நகரத்தில் கூடிய வைத்தியர்கள் முன்னிலையில் அதை எடுத்துரைத்தார்; சபையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1910-இல் அவருடைய தலைவர் எமில் கிரேப்பெலின், தாம் எழுதிய மனநோய்ப் பாடநூலில் இதற்கு அல்ஸைமர் நோய் என்று பெயர் சூட்டினார்.

அந்தத் திட்டுகளின் பிரதான வஸ்து பீட்டா அமிலாய்டு என்ற சிறு புரதம் என்பதும், சிக்கல்களின் பிரதான வஸ்து டௌ என்ற மற்றொரு புரதம் என்பதும் 1980-களில்தான் தெளிவாயின. அதன் பிறகே, இவ்விரண்டையும் உயிருள்ளவரிடத்தில் பார்க்க இயலுமா என்ற கேள்வி அர்த்தமுள்ள கேள்வியாயிற்று. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் நனைத்துக்கொண்டிருக்கும் நீரை எடுத்து அளந்து பார்ப்பது ஒரு வழி. அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ரத்தத்தில் செலுத்தி, பெட் ஸ்கேன் என்னும் கருவியால் மூளையைப் படமெடுப்பது மற்றொரு வழி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து விஞ்ஞானிகள் உருவாக்கிய அத்தகைய மருந்தின் மூலம் கிடைத்த படங்கள் 2004-இல் வெளியாகி உலகத்தை வியக்கவைத்தன. இரண்டும் நம்பகமானவையே. ஆனால், முதுகில் ஊசி போடுவதென்றால் நோயாளியும் அஞ்சுகிறார், குடும்பத்தாரும் அஞ்சுகிறார்கள். பெட் ஸ்கேனோ பெருஞ்செலவு பிடிப்பது. பெரிய நகரங்களைத் தவிர வேறெங்கும் கிடைக்காதது. இதனால், எந்த நோயாளிகளுக்கு விடை மிகவும் தேவைப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனியாகவே நின்றது.

ரத்தத்திலேயே பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. சர்க்கரையையும் கொழுப்பையும் ரத்தத்தில் பார்ப்பதில்லையா? இங்கேதான் சிரமம் இருந்தது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இயற்கை ஒரு காவல் அரணை அமைத்திருக்கிறது. மூளையில் உள்ளவை அதைத் தாண்டி மிகச் சொற்பமாகவே வெளியே கசிகின்றன. ஒரு கிராமை லட்சம் கோடிப் பாகங்களாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பாகம் எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அளவில்தான் நாம் தேடும் பொருள் ஒரு மில்லி லிட்டர் ரத்தநீரில் இருக்கும். அதைச் சுற்றிலும் ரத்தத்துக்கே உரிய மற்றப் புரதங்கள் கடல்போல் நிறைந்திருக்கும். ஏரியில் கரைத்த ஒரு சிட்டிகை உப்பை நாக்கால் கண்டுபிடி என்று சொல்வதற்கு ஒப்பான வேலை அது. ஆகவே, பல வருஷங்கள் பல ஆராய்ச்சிக்கூடங்கள் முயன்று, இன்று ஒரு முடிவும் நாளை அதற்கு மாறான முடிவுமாகக் கிடைத்து, இது நடக்காத காரியம் என்று அறிஞர்களிற் பலர் அபிப்பிராயப்பட்டிருந்த காலமும் உண்டு.

அந்த நிலையை மாற்றியது டௌ புரதத்தின் ஒரேயொரு கண்ணி. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நரம்புச் செல்லுக்குள் சரக்கு போய் வருவதற்குத் தண்டவாளங்களைப் போன்ற நுண்குழாய்கள் உண்டு. அவை கலைந்துபோகாதபடி குறுக்குக் கட்டைகளாக இருந்து தாங்குவது டௌ புரதத்தின் வேலை. அது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த ஒரு சங்கிலி. நீளமான வடிவத்தில் 441 கண்ணிகள் கொண்டது. அந்தக் கண்ணிகளில் சிலவற்றில் பாஸ்பேட் என்னும் சிறு பொருள் வந்து ஒட்டிக்கொள்வதும் விலகுவதும் எப்போதும் நடப்பதே. ஆனால், மூளையில் அமிலாய்டு படியத் தொடங்கிவிட்டால், குறிப்பாக 217-ஆவது கண்ணியில் பாஸ்பேட் ஒட்டிய டௌ வழக்கத்தைவிட மிகுதியாக உண்டாகி, வெளியேறி, ரத்தத்திலும் தலைகாட்டுகிறது. இதைத்தான் பி-டௌ 217 என்று குறிப்பிடுகிறார்கள். மற்ற வகை மறதி நோய்களில் இது இவ்வாறு உயர்வதில்லை என்பதே இதன் விசேஷம். இதனோடு, பீட்டா அமிலாய்டின் 42 கண்ணி கொண்ட வகையையும் சேர்த்து அளக்கிறார்கள். ஒட்டும் குணமுள்ள அந்த வகை மூளையிலேயே திட்டுகளாகத் தங்கிவிடுவதால், நோயுள்ளவரின் ரத்தத்தில் அது குறைந்துபோகிறது. ஒன்று கூடுகிறது, மற்றொன்று குறைகிறது. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

பரிசோதனைக்கூடத்தில் நடப்பதை விவரிப்பது எளிது. ஊதா நிற மூடியிட்ட குழாயில் ரத்தம் எடுக்கப்படுகிறது. குழாயை வேகமாகச் சுழற்றுகிறார்கள்; சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கிறது. அதில் நாம் தேடும் புரதத்தை மட்டும் கவ்விப் பிடிக்கக்கூடிய எதிர்ப்பொருள் பூசிய காந்தத் துகள்களைக் கலக்கிறார்கள். பிடிபட்ட புரதத்தின் மேல் ஒளி உமிழும் மற்றோர் எதிர்ப்பொருளை ஏற்றி, காந்தத்தால் துகள்களைப் பிடித்து நிறுத்திவிட்டு, மிச்சத்தையெல்லாம் கழுவித் தள்ளுகிறார்கள். பிறகு வரும் ஒளியை அளந்தால் புரதத்தின் அளவு தெரியும். கேட்பதற்கு இவ்வளவுதான், ஆனால் அந்த எதிர்ப்பொருள் 217-ஆவது கண்ணியில் பாஸ்பேட் ஒட்டிய டௌவை மட்டும் பிடித்து, மற்ற டௌவையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் பின்னால் இருக்கும் உழைப்பு விளங்கும். ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க், லண்ட் நகரங்களிலும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்திலும் பல வருஷங்கள் இதற்காகவே பாடுபட்டவர்களைச் சொல்ல வேண்டும். காய் ப்ளென்னோ, ஹென்ரிக் ஸெட்டர்பெர்க், ஆஸ்கர் ஹான்ஸன், ராண்டல் பேட்மன் என்ற பெயர்கள் அவர்களுள் முன்னிற்பவை.

இந்தப் பொருள் எவ்வளவு முன்கூட்டியே எச்சரிக்கிறது என்பதைத் தென்னமெரிக்காவில் உள்ள சில குடும்பங்கள் காட்டித் தந்தன. கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியா மலைப்பிரதேசத்தில், ஒரு மரபணுக் கோளாறு தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்து, அதைச் சுமப்பவர்களை நாற்பத்தைந்து வயதுவாக்கில் இந்த நோய்க்கு ஆளாக்குகிறது. பிரான்ஸிஸ்கோ லோபெரா என்ற வைத்தியர் 2024-இல் தாம் காலமாகும்வரை, தம் ஆயுளில் பெரும்பகுதியை அந்தக் குடும்பங்களுக்கே அர்ப்பணித்தார். அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கோளாறு உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 25 வயதிலேயே பி-டௌ 217 உயரத் தொடங்குவது தெரிந்தது. அதாவது, முதல் தடுமாற்றம் தோன்றுவதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே. என் அத்தை பெருங்காய டப்பாவோடு நின்ற அந்தக் காலைப்பொழுது எங்களுக்குத்தான் ஆரம்பமாகத் தோன்றியது. இந்த நோய்தான் அவளுக்கு என்றால், அவள் ஐம்பது வயதில் தெம்பாகத் தண்ணீர்க் குடம் சுமந்து வந்த நாட்களிலேயே அது உள்ளே நுழைந்திருக்க வேண்டும்.

2024-இல் ஸ்வீடனில் ஞாபகக் குறைவோடு வைத்தியர்களை நாடிய 1,213 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு, வைத்தியர்களையே திடுக்கிட வைத்தது. அல்ஸைமர் நோயா இல்லையா என்பதைப் பொது வைத்தியர்கள் நூற்றுக்கு 61 பேர் விஷயத்தில் மட்டுமே சரியாகச் சொன்னார்கள். மறதி நோய் நிபுணர்கள் 73 பேர் விஷயத்தில் சரியாகச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையோ சுமார் 90 பேர் விஷயத்தில் சரியாகச் சொன்னது. அனுபவம் நிறைந்த நிபுணரும் நாலில் ஒருவரிடம் தவறிவிடுகிறார் என்பது அவரைக் குறைகூறுவதற்காகச் சொல்வதன்று. வெளியிலிருந்து பார்த்து உள்ளே நடப்பதை ஊகிப்பது அவ்வளவு கடினமான காரியம் என்பதற்கே அது சாட்சி.

2025-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி வழங்கியது. ஜப்பான் நாட்டைச் சேர்ந்த புஜிரெபியோ நிறுவனத்தின் பரிசோதனை அது. 499 பேரிடம் பார்த்ததில், உண்டு என்று பரிசோதனை சொன்னவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு மூளையில் அமிலாய்டு உண்மையாகவே இருந்தது. இல்லை என்று சொன்னவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு உண்மையாகவே இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, இப்படியென்றும் அப்படியென்றும் சொல்ல முடியாத நடுவாந்தர விடை கிடைத்தது. அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. செய்தியைப் பரப்பியவர்களில் அநேகர் அதைக் கவனியாது விட்டார்கள். 55 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். ஞாபகக் குறைவின் அறிகுறி ஏற்கெனவே இருக்க வேண்டும். அதற்காக நிபுணரிடம் வந்தவராகவும் இருக்க வேண்டும். ஆரோக்கியமாக இருப்பவர் எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ளச் செய்துகொள்வதற்கான பரிசோதனை அன்று இது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு என்பதை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம். நோயுள்ள நூறு பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டி, நோயற்ற நூறு பேரில் பத்துப் பேரைத் தவறாக நோயாளி என்று காட்டும் ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மறதியோடு வந்த ஆயிரம் பேரில் 500 பேருக்கு நோய் உண்டென்றால், உண்டு என்ற விடை 450 பேருக்குச் சரியாகவும் 50 பேருக்குத் தவறாகவும் கிடைக்கும்; அந்த விடையைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் உண்மையில் நோயாளிகள். அதே பரிசோதனையை எந்தக் குறையுமில்லாத ஆயிரம் பேருக்குச் செய்து, அவர்களில் நூறு பேருக்குத்தான் நோய் என்றால், 90 பேருக்குச் சரியாகவும் 90 பேருக்குத் தவறாகவும் விடை வரும். பரிசோதனை மாறவில்லை, ஆனால் அதன் விடை பாதிக்குப் பாதி பொய்யாகிவிட்டது. தவறாக நோயாளி என்று சொல்லப்பட்ட ஒரு மனிதர், அன்று முதல் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் ஒவ்வொரு முறையும் படக்கூடிய வேதனையை எண்ணிப் பாருங்கள். அதுமட்டுமன்று, அமிலாய்டு இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்து மறைகிறவர்களும் உண்டு. மூளையில் திட்டு இருப்பதும் மனிதர் மறதியில் வீழ்வதும் ஒன்றல்ல.

நம் நாட்டில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் ரத்தத்தில் இந்தப் புரதங்கள் வெளியேறாமல் தேங்குவதால், நோயில்லாமலே அளவு உயர்ந்து காட்டக்கூடும். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் தேசத்தில் இதைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. மிகப் பருமனான சரீரமுடையவர்களுக்கு அளவு குறைந்து காட்டுவதும் உண்டு. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, மறதியைப்போல் தோன்றி, மருந்தினால் சரியாகக்கூடிய குறைகள். வைட்டமின் பி 12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு மந்தித்தாலும், மனச்சோர்வு பீடித்தாலும், தூக்க மாத்திரையும் பல மருந்துகளும் ஒன்றுகூடினாலும், ஒருவர் புத்தி மழுங்கியவர்போல் ஆகிவிடுவார். மாமிசம் உண்ணாதவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் பி 12 குறைவது சர்வசாதாரணம். என் அத்தை இவ்விரு வகையிலும் சேர்ந்தவள். அவளுக்கு அந்தச் சாதாரண ரத்தப் பரிசோதனையைக்கூட நாங்கள் செய்து பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கூசுகிறது. அது பி 12 குறைவாகவே இருந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது.

நோய் இதுதான் என்று தெரிந்தால் என்ன லாபம், குணப்படுத்த மருந்து இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். குணப்படுத்தும் மருந்து இல்லை. லெக்கனெமாப் என்ற மருந்துக்கு 2023-லும், டோனனெமாப் என்ற மருந்துக்கு 2024-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. இரண்டும் மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றுகின்றன. 1,795 பேரிடம் ஒன்றரை வருஷம் நடந்த சோதனையில், லெக்கனெமாப் நோயின் இறக்கத்தை 27 சதவீதம் மந்தப்படுத்தியது. போன ஞாபகம் திரும்பவில்லை. போவது சற்று மெதுவாகப் போயிற்று. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் உண்டாவதால், அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. ஆரம்ப நிலையிலிருப்பவர்களுக்கு மட்டுமே அது பயன்படும் என்பதனாலேயே, ரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு மதிப்பு உண்டாகியிருக்கிறது.

ஆனால், மருந்து ஒன்றுதான் லாபம் என்று நான் எண்ணவில்லை. புத்தி தெளிவாக இருக்கும்போதே சொத்தையும் வங்கிக் கணக்கையும் ஒழுங்கு செய்துகொள்ளலாம். தமக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம் என்பதைத் தம் வாயாலேயே சொல்லிவைக்கலாம். வீட்டாருக்கும் புரியும். எங்கள் வீட்டில், ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டதற்காக அத்தையைக் கடிந்து பேசாதவர் ஒருவரும் இல்லை. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, வியாதி செய்விக்கிறது என்று தெரிந்திருந்தால், அந்த ஆறு வருஷங்களில் அவள் எங்கள் கையில் பட்ட துன்பத்தில் பாதியாவது குறைந்திருக்கும். இதை நான் எந்த மருந்துக்கும் குறைந்த லாபமாகக் கருதமாட்டேன். விடையைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் நோயாளிக்கே உரியது. பிள்ளைகள் முடிவை வாங்கி மறைத்து வைத்துக்கொண்டு, பெற்றவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லும் நம் வழக்கம் இங்கே பொருந்தாது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமாக, ஏறத்தாழ 88 லட்சம் பேர், ஏதோ ஒரு வகை மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஏழை நாடுகளின் மறதி நோயாளிகளைப் பற்றி உலகம் ஆராய்வதேயில்லை என்ற குறையைப் போக்க 1998-இல் கொச்சியில் உருவான ஆராய்ச்சிக் குழு, பின்னர் சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பார்த்தது. புதிய ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவையோ மேல்நாட்டாரின் ரத்தத்தைக் கொண்டே அளவு நிர்ணயிக்கப்பட்டவை. நம்மவர்களின் உடற்கூற்றுக்கும் வியாதிகளுக்கும் ஏற்ற அளவுகளை நம் ஆராய்ச்சிக்கூடங்களே வகுக்க வேண்டும். அதற்கு அரசாங்கம் தாராளமாகப் பொருளுதவி செய்ய வேண்டும்.

அதுவரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ, பழகிய வழியில் திகைத்து நின்றாலோ, பழகிய சமையலில் அடுத்தது என்ன என்று கேட்டாலோ, வயதாகிவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். முதலில் எப்போது கவனித்தீர்கள், அதற்குப் பிறகு என்னென்ன மாறிற்று, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பவற்றைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவரை ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். பி 12, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புதிய ரத்தப் பரிசோதனை அவருக்குத் தேவையா என்பதை அதன் பிறகு அந்த வைத்தியரிடமே கேளுங்கள்.